நான் எழுதிய மொய் லைசென்ஸ்

வீடியோ அழைப்பில் எதிரே இருந்த அந்த அம்மையார் சிரிப்பை அடக்க முடியாமல் கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நான் எழுதியிருந்த ஐந்தாவது நிபந்தனையை மறுபடியும் வாசித்தார்.

"இதைப் பயன்படுத்துகிறவர்கள், எங்கள் வீட்டு விசேஷத்துக்கு அழைப்பு வந்தால் வராமல் இருக்கக் கூடாது."

வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கள் வக்கீலுக்கு ஒரு சந்தேகம். விசேஷம் என்றால் எது எது? நிறுவனத்தின் சார்பில் ஒருவர் வந்தால் போதுமா, எல்லாரும் வர வேண்டுமா?"

நான் ஒரத்தநாட்டில், எங்கள் வீட்டுக் கூடத்தில், நைட்டிக்கு மேல் சென்னையில் வேலை பார்த்த காலத்துக் கோட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் நெதர்லாந்தில், பின்னால் ஒரு பூந்தொட்டியோடு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஒரு மாடு அடிவயிற்றிலிருந்து கத்தியது. என் வீட்டுக்காரர் பாலு கால்நடை மருத்துவர் என்பதால் எங்கள் வாசலில் அது சகஜம். அம்மையார், அது மாடா என்று கேட்டார். மாடுதான், நோயாளி என்றேன். அதற்கும் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அழைப்பை நம்பித்தான் நான் இருந்தேன். நாலு வருஷ இடைவெளிக்குப் பிறகு எனக்கு ஒரு வேலை கிடைக்குமா, கிடைக்காதா என்பது அந்த அம்மையார் கையில் இருந்தது. அவரோ என் லைசென்ஸைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கேட்கக் கூடாத கேள்வி

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய கன்றுக்குட்டி கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் மென்பொருள் எழுதுகிறவர் என்றீர்களே, அது எங்கே போயிற்று?" என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. அது எங்கே போயிற்று என்று நானே வெகுநாள் தேடினேன்.

கல்யாணத்துக்குப் பிறகும் கொஞ்ச காலம் சென்னையில்தான் வேலை பார்த்தேன். பாலு இங்கே, நான் அங்கே. ரயிலிலேயே குடித்தனம் நடத்த முடியாது என்று ஆனபோது, வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன் என்று கேட்டேன். அலுவலகத்துக்கு வந்தால்தான் ஆயிற்று என்றார்கள். விட்டுவிட்டு வந்துவிட்டேன். பிறகு மகள் பிறந்தாள். அவள் தவழ்ந்து, நடந்து, ஓடி, அங்கன்வாடியில் என்னைத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போன அன்றைக்கு எனக்கு மறுபடி வேலை பார்க்கும் ஆசை வந்தது.

விண்ணப்பம் போட்டால் கூப்பிடுவார்கள். எல்லாம் நன்றாகப் போகும். கடைசியில் அந்தக் கேள்வி வந்து நிற்கும். "இந்த நாலு வருஷமா என்ன பண்ணீங்க?" கேட்கிற ஒவ்வொருவரும், நான் ஜெயிலில் இருந்துவிட்டு வந்த மாதிரியே கேட்பார்கள். ஒருவர், நிரல் எழுதுவதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்றார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சாம்பார் வைப்பது மறக்கவில்லை, இதுவும் மறக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த வேலை அத்தோடு போயிற்று.

அதற்குப் பிறகு, கேட்டால் என்ன சொல்வது என்று பதில் தயாரித்து, கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்ப்பேன். என் மாமியாரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த வழியாகப் போகும் அத்தை, "யாருகிட்டம்மா சண்ட போடுற?" என்று கேட்டுக்கொண்டே போவார்.

தண்ணி எப்ப வரும்?

ஆனால் அந்த நாலு வருஷமும் நான் சும்மா இருக்கவில்லை. சம்பளம் இல்லாமல் ஒரு காரியம் செய்தேன்.

ஆனி மாதம் மேட்டூரைத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒரே கவலைதான். கல்லணைக்கு என்றைக்கு வரும், கல்லணைக் கால்வாயான புது ஆற்றில் என்றைக்கு விடுவார்கள், நம் வாய்க்காலுக்கு எப்போது வரும்? நாற்றங்கால் தயார் செய்ய வேண்டும், ஆள் சொல்ல வேண்டும், விதை ஊற வைக்க வேண்டும். ஒரத்தநாட்டுக்காரர் தஞ்சாவூர்ச் சொந்தக்காரருக்குப் போன் போடுவார். பட்டுக்கோட்டைக்காரர் ஒரத்தநாட்டுக்காரருக்குப் போடுவார். பேராவூரணியில் இருக்கும் அத்தையின் தம்பி அத்தைக்குப் போடுவார். தண்ணீர் வருவதற்கு முன்னால் போன் மணி கரைபுரண்டு வரும்.

இதைப் பார்த்துத்தான் அந்தச் சின்ன நிரலை எழுதினேன். தண்ணீர் தன் ஊர் மதகைத் தொட்டதும் ஒருவர் கைப்பேசியில் செய்தி அனுப்ப வேண்டும். அதை வைத்து, அடுத்தடுத்த ஊருக்கு எப்போது போய்ச் சேரும் என்று நிரல் கணக்குப் போட்டுச் சொல்லும். 'தண்ணிவருது' என்று பெயர் வைத்தேன். பாலு ஊசி போடப் போகும் இடமெல்லாம் மாட்டுக்காரர்களிடம் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்தார். முதல் வருஷமே எங்கள் தெரு வாய்க்காலுக்கு நாளை மறுநாள் வரும் என்றது. வந்தேவிட்டது. மருமகள்தான் தண்ணியைக் கொண்டுவந்தாள் என்று அத்தை தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பொதுப்பணித்துறைக்கும் மேட்டூருக்கும் ஒரு பங்கும் கொடுக்கவில்லை.

நிரலை ஒளித்து வைக்க எனக்குத் தோன்றவில்லை. இணையத்தில் எல்லாரும் பார்க்கிற மாதிரி போட்டு வைத்தேன். திருப்பனந்தாள் பக்கத்தில் கணேசன் சார் என்று ஒரு கணக்கு வாத்தியார் அதைப் பார்த்திருக்கிறார். முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் என் கணக்கு உளறுகிறது என்று கண்டுபிடித்து, அதைச் சரிசெய்ய ஒரு பகுதியைத் தானே எழுதி அனுப்பினார். நாங்கள் இருவரும் நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் கணக்கு விஷயமாக இணையத்தில் பகிரங்கமாக, ஆங்கிலத்தில் போட்ட சண்டைகள் ஏராளம்.

இலை போட்டேன், கூப்பிடவில்லை

அந்தக் கணேசன் சார்தான் ஒருநாள் போனில் கேட்டார், லைசென்ஸ் போடவில்லையே என்று.

எதற்கு என்றேன். திறந்துதானே கிடக்கிறது, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டுமே. அப்படியில்லை என்றார் அவர். எழுதின நிமிஷத்திலிருந்து அது எழுதினவருடைய சொத்து. இன்ன மாதிரி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தால்தான் அடுத்தவர்கள் எடுக்க முடியும். எழுதி வைக்காவிட்டால், விவரம் தெரிந்த யாரும் தொட மாட்டார்கள்.

எனக்கு வெட்கமாகப் போயிற்று. இலை போட்டு, எல்லாம் பரிமாறிவிட்டு, 'உட்காருங்க' என்று ஒரு வார்த்தை சொல்லாமல் நிற்பது போலல்லவா இருந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் கூப்பிடாமல் யார் பந்தியில் உட்காருவார்கள்?

உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அப்போது பார்த்து, அத்தை பிறந்த ஊரில் மொய் விருந்து. பேராவூரணிப் பக்கத்துப் பழக்கம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆடி, ஆவணியில் சிலர் சேர்ந்து பந்தல் போட்டுக் கறிவிருந்து வைப்பார்கள். கல்யாணமோ காதுகுத்தோ எதுவும் இருக்க வேண்டிய அவசியமில்லை. சாப்பிட்டவர்கள் மொய் செய்வார்கள். பிற்பாடு அவர்கள் விருந்து வைக்கும்போது, வாங்கினவர் போய்த் திருப்பிச் செய்வார். வாங்கினதைவிடக் கொஞ்சம் கூடத்தான் செய்ய வேண்டும், அப்போதுதான் மரியாதை. மறந்தவர்களை ஊர் மறக்காது.

அந்த விருந்தைச் சாப்பிட்டுவிட்டு, வயிறு நிறைந்த நிலையில் வந்து உட்கார்ந்து நானே ஒரு லைசென்ஸ் எழுதினேன். உலகத்தில் ஏற்கெனவே எழுதி, வக்கீல்கள் படித்து, எல்லாரும் ஒப்புக்கொண்ட லைசென்ஸுகள் வரிசையாக இருப்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். எங்கள் தண்ணீருக்கு எங்கள் ஊர் நிபந்தனை வேண்டாமா என்ற திமிர்தான்.

எடுத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம். யார் வீட்டுச் சரக்கு என்று சொல்ல வேண்டும். திருத்தினால் திருத்தியதைத் திருப்பித் தர வேண்டும். எடுத்ததற்குக் குறையாமல், கொஞ்சம் கூடவே தர வேண்டும். இதுவரை நானே எழுதினேன். ஐந்தாவதை அத்தை சொன்னார். வாங்கித் தின்றுவிட்டு விசேஷத்துக்கு வராதவர்கள் மீது அவருக்கு நெடுநாள் கோபம். தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏற்றிவிட்டு, ஒரு நீதிபதியைப் போல நிம்மதியாகத் தூங்கினேன்.

வக்கீல் சொன்னது

இப்போது வீடியோ அழைப்புக்குத் திரும்புகிறேன். அந்த அம்மையார் பெயர் ஹன்னா. நாட்டில் கால் பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் தண்ணீரைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிற ஜனங்கள் அவர்கள். வாய்க்கால்களில் வைக்கிற ஒரு கருவியைச் செய்துகொண்டிருந்தார்கள். அதற்குள் தண்ணிவருது நிரலை வைக்க வேண்டும், அதை உடன் இருந்து பார்த்துக்கொள்ள எழுதினவரே வேண்டும் என்பது அவர்கள் யோசனை. ஊரிலிருந்தே வேலை பார்க்கலாம்.

இதையெல்லாம் கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அதற்குள் ஹன்னா, "ஆனால்" என்றார்.

நாலாவது நிபந்தனையில் 'கொஞ்சம் கூட' என்றால் எவ்வளவு, யார் அளப்பது என்று வக்கீல் கேட்கிறாராம். அவர் வாழ்க்கையில் படித்ததிலேயே பிடித்த லைசென்ஸ் இதுதானாம், அச்செடுத்து அறைச்சுவரில் ஒட்டியிருக்கிறாராம். ஆனால் இதன்கீழ் இருக்கிற நிரலைக் கையால் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். என்ன கேட்கிறது என்று நிச்சயமாகத் தெரியாத ஒன்றில் நிறுவனம் எப்படிக் கையெழுத்துப் போடும்?

எல்லாருக்கும் தெரிந்த லைசென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்றார் ஹன்னா. வெள்ளிக்கிழமை அவர்கள் நிர்வாகக் குழு கூடுகிறது. "எம்.ஐ.டி. போட்டால் அன்றைக்கே முடித்துவிடலாம். ஜி.பி.எல். போட்டால் குழு ஒப்புக்கொள்ளுமா என்று எனக்கே தெரியாது. நான் வாக்குக் கொடுக்க முடியாது. தேர்வு உங்களுடையது."

அன்னதானமா, மொய்யா?

வீட்டில் மூன்று பேருக்கும் அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேச்சுதான்.

அத்தைக்கு விளக்க வேண்டியிருந்தது. எம்.ஐ.டி. என்பது அன்னதானம் மாதிரி அத்தை, யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம், கட்டிக்கொண்டு போய் விற்கக்கூடச் செய்யலாம், உபயம் இன்னார் என்ற பலகையை மட்டும் எடுக்கக் கூடாது. ஜி.பி.எல். நம்ம மொய் மாதிரி. எடுத்து, மாற்றி, வீட்டுக்குள்ளேயே வைத்துச் சாப்பிட்டால் கேள்வியில்லை. அடுத்தவருக்குப் பந்தி போட்டால், தான் சேர்த்த மசாலா உட்பட எல்லாவற்றையும் அதே நிபந்தனையில் திறந்து காட்ட வேண்டும்.

அத்தை யோசிக்கவே இல்லை. "வாங்குனவன் செய்யணும்ல? இதுல என்ன ரெண்டு பேச்சு?"

பாலு எம்.ஐ.டி. கட்சி. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எம்.ஐ.டி. என்றால் பெரிய பெரிய நிறுவனங்கள் பயப்படாமல் எடுக்கும். எடுத்த இடத்திலெல்லாம் என் பெயர் போகும். இந்த வேலை இல்லாவிட்டாலும் அடுத்த வேலைக்கு அதுவே சிபாரிசு. "நாலு வருஷமா கண்ணாடிகிட்ட பேசிக்கிட்டிருக்க, சுகந்தி," என்றார். "எனக்கு வேற எதுவும் தெரியாது. நீ வேலைக்குப் போவணும்." சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கோ ஒரு பிரசவத்துக்குப் போய்விட்டார்.

எனக்கு அவர் மீது ஆசை பொங்கியது. உடனே உட்கார்ந்து எம்.ஐ.டி. லைசென்ஸை எடுத்து, மேலே என் பெயரையும் கணேசன் சார் பெயரையும் அடித்துத் தயாராக வைத்தேன். எவ்வளவு சின்னது, ஒரு மூச்சில் படித்துவிடலாம். பெயரைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் வேலை. அமுக்கப் போகும்போது கைப்பேசியில் ஒரு குரல் செய்தி வந்து விழுந்தது.

கடைமடையிலிருந்து, அத்தை ஊருக்கும் அப்பால் ஒரு கிராமத்துக்காரர். வருஷா வருஷம் அனுப்புவார். அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. தண்ணீர் சலசலக்கிற சத்தம், அதற்கு மேல் மூச்சு வாங்க ஒரு குரல். "வந்துருச்சும்மா. இப்பத்தான் மதகத் தொடுது. எழுதிக்கங்க."

கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மறுபடி போட்டுக் கேட்டேன். பழைய வருஷத்துச் செய்திகளையும் தேடி எடுத்துக் கேட்டேன். வரப்பில் ஓடிக்கொண்டே பேசினவர்கள், பக்கத்தில் குழந்தை அழப் பேசினவர்கள், தண்ணீரைப் பார்த்த சந்தோஷத்தில் சொல்ல வந்ததை மறந்துவிட்டு யாரையோ கூப்பிட்டவர்கள். என் நிரல் என்று நான் சொல்லிக்கொள்வதற்குள் இருப்பதெல்லாம் இவர்கள் சொன்ன நேரங்கள்தான். நாளைக்கு எவனோ ஒருவன் இதை எடுத்து, கொஞ்சம் மெருகேற்றி, பூட்டி வைத்து, அந்தக் கடைமடைக்காரரிடமே விற்பான். அவர் வாய்க்காலில் தண்ணீர் வருகிற சேதியை அவருக்கே விற்பான். எம்.ஐ.டி. அதைத் தடுக்காது.

எம்.ஐ.டி.யை அழித்தேன். ஜி.பி.எல். எடுத்தேன்.

அமுக்குவதற்கு முன்னால் கணேசன் சாரைக் கேட்க வேண்டும். ஒரு பகுதி அவர் எழுதியது, அதற்கு அவர்தான் உரிமைக்காரர். போன் போட்டேன். எந்த லைசென்ஸாக இருந்தாலும் தன் பெயர் இருக்குமா என்று முதலில் கேட்டார். ஜி.பி.எல்.லிலும் பெயர் இருக்கும் சார், எடுக்க முடியாது என்றேன். அப்புறம் அவரே கேட்டார்.

"வேல விஷயம் என்னம்மா ஆவும்?"

"போனா போவட்டும் சார்."

"நெசமாவா சொல்றீங்க?"

"இல்ல சார். அந்த வேல வேணும். ஆனா இதத்தான் போடணும்."

"அப்ப போடுங்க. நான் எழுதிக் குடுத்துடுறேன், எனக்குச் சம்மதம்னு."

போட்டேன். போட்டுவிட்டு அத்தையிடம் சொன்னேன். நல்லது என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார். பாலு வந்தபோது அவரிடமும் சொன்னேன். கன்று நல்லபடியாகப் பிறந்திருந்ததால் தப்பித்தேன். சட்டை முழுக்க இருந்த சாணியைத் துடைத்துக்கொண்டார். "சரி, கண்ணாடிய வேணா பெருசா வாங்கிடுவோம்," என்றார்.

வெள்ளிக்கிழமை

அன்று கோட்டோடு சேலையும் கட்டினேன். நாலு வருஷக் கேள்விக்கான பதிலை ஆங்கிலத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். தமிழில் எதற்கென்று கேட்காதீர்கள்.

ஹன்னா முதலில் வக்கீலைப் பற்றிப் பேசினார். ஜி.பி.எல். என்றதும் அந்த மனிதர் படிக்கக்கூட இல்லையாம், இது எனக்கு மனப்பாடம் என்றாராம். குழுதான் நெடுநேரம் வாதாடியிருக்கிறது. என் நிரலோடு சேர்கிற அவர்களுடைய பகுதியையும் திறந்துவிட வேண்டுமே. கருவியை விற்பதில்தான் அவர்களுக்கு வருமானம், நிரலை ஒளித்து வைப்பதில் இல்லை என்று கடைசியில் ஹன்னாவே எழுந்து சொல்லியிருக்கிறார். ஒப்புக்கொண்டுவிட்டார்கள்.

பிறகு சம்பளம், வேலை நேரம், மகளை அங்கன்வாடியிலிருந்து அழைத்து வரும் நேரம் எல்லாம் பேசினோம். அடுத்த மாதமே சேர முடியுமா என்றார். முடியும் என்றேன். சரி, சந்திப்போம் என்று அழைப்பை முடிக்கப் போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "நீங்கள் ஒன்று கேட்கவில்லையே," என்றேன்.

"எதை?"

"இந்த நாலு வருஷமா நான் என்ன செய்தேன் என்று."

ஹன்னாவுக்குப் புரியவில்லை. புருவத்தைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "அதைப் படித்துவிட்டுத்தானே உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எழுதினது, அழித்தது, மறுபடி எழுதினது எல்லாம் இணையத்தில் தேதியோடு இருக்கிறது. கணேசன் என்பவரோடு போட்ட சண்டைகளையும் படித்தேன். அவற்றில் இரண்டில் அவர் சொன்னதுதான் சரி."

அழைப்பு முடிந்தது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். பாலு ஒரு வெள்ளாட்டின் வாயைப் பிளந்து மருந்து புகட்டிக்கொண்டிருந்தார். கிடைத்துவிட்டது என்றேன். ஆட்டை விடவும் முடியாமல், எழுந்து வரவும் முடியாமல், மருந்தைத் தன் முழங்கையில் ஊற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். ஆடும் பார்த்தது.

ஆட்டுக்காரர் என்ன வேலை என்று விசாரித்தார். வாய்க்காலுக்குத் தண்ணி எப்போது வரும் என்று சொல்கிற வேலை என்றார் பாலு.

"அதுக்குச் சம்பளமா குடுக்குறாங்க?" ஆட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்து எங்க மதகுக்குத் தண்ணி வந்துருச்சுன்னு சொல்லுச்சு உங்க போனு. மம்பட்டியத் தூக்கிக்கிட்டு ஓடிப்போயி நின்னேன். ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. ஊரே சிரிக்குது."

இப்படி ஒரு திட்டைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் தஞ்சாவூர் ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். உள்ளே போய் மடிக்கணினியை எடுத்து வந்து, அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"எந்த மதகுங்க? மொதல்லேருந்து சொல்லுங்க," என்றேன்.